மூடினால் இருபத்தேழு

காரின் பின்பக்கம் இறங்கியிருப்பதை மில்லி தெருமுனையிலேயே பார்த்துவிட்டான். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று வெளியூர் போய் ஐந்து நாள் இருந்துவிட்டு, கையில் பையும் முகத்தில் பஸ் தூக்கமுமாக வந்துகொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டான். மழை விட்டிருந்த நேரம். ஒர்க்‌ஷாப் வாசலில் அந்தப் பழைய கார் கழுவித் துடைத்து நின்றது. பக்கத்தில் அவன் மனைவி, பொட்டலத்தைப் பின்னால் ஒளித்து வைத்துக்கொண்டு நிற்கிறவள் மாதிரி சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். நான் தையல் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தேன். பக்கத்துக் கடை விஷயத்தை எட்டிப் பார்ப்பதில் எனக்கு வெட்கமெல்லாம் கிடையாது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கார், வேன்களுக்கு சீட் தைப்பது என் தொழில். என் கடைக்கும் மில்லியின் ஒர்க்‌ஷாப்புக்கும் நடுவே ஒரே ஒரு தகரச் சுவர். எனக்கும் புருஷன் இருக்கிறார், வாட்ச்மேன் வேலை. நான் கடை திறக்கக் கிளம்பும்போது அவர் வந்து படுப்பார், நான் வீடு திரும்பும்போது அவர் கிளம்புவார். வாசலில் சாவியைக் கைமாற்றும்போது "சோறு இருக்கு", "சரி" என்று பேசிக்கொள்வதுதான் எங்கள் குடும்பப் பேச்சு. அதனால் சுவருக்கு அந்தப் பக்கத்துப் பேச்சைப் பதினோரு வருடமாகக் கேட்டு வருகிறேன்.

அவனுக்கு மில்லி என்று பேர் வந்தது மில்லிமீட்டரால். ஒரு போல்ட்டைக் கையில் கொடுத்தால், தேய்ந்திருக்கிறது என்று சொல்ல மாட்டான், அரை மில்லி தேய்ந்திருக்கிறது என்பான். அவனும் மனைவியும் வேலை செய்யும் விதமே தனி. பின்பக்கம் சத்தம் வருகிறது என்று எந்த வண்டி வந்தாலும் அவன் ஸ்டியரிங்கைப் பிடிப்பான், அவள் பின் சீட்டில் நடுவாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். தெருவை ஒரு சுற்று. வந்து நிற்பதற்குள் சொல்லிவிடுவாள். "இடது பக்கம், மேல் போல்ட்." அவன் அடியில் படுத்துப் பார்த்தால் அதேதான் ஆடிக்கொண்டிருக்கும். பிறகு அவன் அடியிலிருந்து கேட்பான், அவள் சீட்டில் குதித்துக் குதித்துச் சொல்வாள். "இப்போ?" "இன்னும் கொஞ்சம்." "இப்போ?" "இன்னும் கால் சுத்து." "இப்போ?" "போதும்."

இதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறாமை. மில்லி மேல் எனக்கு ஆசை ஒன்றும் இல்லை, அவன் என் தம்பி வயசு, காதெல்லாம் கிரீஸ். ஆனால் ஒரு ஆண் "இப்போ?" என்று கேட்டுவிட்டு, ஒரு பெண் பதில் சொல்லும்வரை கையை அசைக்காமல் காத்திருக்கிறானே, அதைப் பார்த்துத்தான் பொறாமை.

அந்தக் காரைக் கல்யாணமான மறுவருடம் காயலான் கடையிலிருந்து இழுத்து வந்தார்கள். வேலை இல்லாத நாட்களில் இரண்டு பேருமாகத் தட்டி, ஒட்டி, பெயின்ட் அடித்து ஓட வைத்தார்கள். சீட் நான் தைத்தது, மாதுளை நிறம். பின்பக்கத்தைக் கொஞ்சம் இறக்கினால் பழைய கார் தரையோடு பதுங்கி நிற்பது போல அழகாக இருக்கும் என்பது மில்லியின் ஆசை. நாலு வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் ஊரில் இல்லாத ஐந்து நாளில் அவள் அதைச் செய்து முடித்துவிட்டாள். மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் ஸ்பிரிங்காரரின் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோய், இரண்டு நாள் கூடவே நின்று, ஸ்பிரிங் பட்டைகளை நெருப்பில் காட்டி வளைவைக் குறைத்து வாங்கி வந்திருக்கிறாள்.

"எப்படி இருக்கு?" என்றாள்.

மில்லி பையை ஈரத்திலேயே வைத்துவிட்டுக் குந்தினான். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரல்களை வைத்துப் பார்த்தான்.

"இரண்டரை இன்ச் இறங்கியிருக்கு."

"ஆமா. நாலு வருஷமா சொல்றீங்களே."

"இறக்கணும்னு சொன்னேன். இரண்டரைன்னு யார் சொன்னா?"

"அவர் மூணு இறக்கலாம்னாரு. உட்கார்ந்து பார்த்தா மூணு எனக்கு சரியாப் படல. ரெண்டு பேரும் பேசி இரண்டரைல நிறுத்திட்டோம்."

"ரெண்டு பேரும்."

"ஆமா."

"பின்னாடி நீ உட்கார்ந்தியா? அவன் ஓட்டினானா?"

"வேற யார் ஓட்டுவா?"

அவ்வளவுதான், வீட்டுக்கு வினை வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்குப் பூசி மெழுகத் தெரியாது. கேட்டதற்குக் கேட்ட மாதிரியே பதில் சொல்வாள், போல்ட்டைப் பற்றிச் சொல்வது போலவே.

எரிகிறதில் எண்ணெய் ஊற்ற சாயங்காலமே ஸ்பிரிங்காரர் வந்து சேர்ந்தார். பருத்த ஆள், நெருப்பில் பொசுங்கிப்போய் ஒரு பக்கம் புருவம் கிடையாது. அவளைத் தங்கச்சி என்பார், அந்த உறவில் மில்லியை மாப்பிள்ளை என்பார்.

"என்ன மாப்ளே, வண்டி எப்படிப் படுத்திருக்கு பாத்தியா? நான் முப்பது வருஷமா நெருப்புல வெந்தவன். எனக்கே கேக்காததெல்லாம் தங்கச்சிக்குக் கேக்குது. வலது பக்கம் நாலாவது பட்டை உரசுதுன்னா. பிரிச்சா உரசியிருக்கு! இந்த மாதிரி ஒரு ஆள் என் பட்டறைல இருந்தா நான் எங்கயோ போயிருப்பேன்."

"போயிருக்கலாமே," என்றான் மில்லி.

அவருக்கு அது உறைக்கவே இல்லை. டீயை உறிஞ்சிவிட்டுச் சொன்னார். "ஒண்ணு மட்டும் பாத்துக்க. பின்னாடி பழைய ஷாக் அப்சார்பர் இதுக்கு ஆகாது. நீளம் ஜாஸ்தி. என்ன அளவு வேணும்னு தங்கச்சிகிட்ட எழுதிக் குடுத்திருக்கேன்."

"அதை நான் பாத்துக்கறேன்."

"காகிதத்துல இருக்கு மாப்ளே, ரெண்டே ரெண்டு நம்பர்."

"நான் பாத்துக்கறேன்னு சொன்னேன்."

அவர் போன பிறகு மில்லி என் கடைப் பக்கம் வந்தான். ரெக்சின் சுருள் மேல் உட்கார்ந்து நகத்தைக் கடித்தான். "தங்கச்சி, தங்கச்சின்னு எத்தனை தடவை சொன்னான் பாத்தீங்களா அக்கா? எதுக்கு அத்தனை தடவை சொல்லணும்?"

"தங்கச்சின்னு சொன்னா சந்தோஷப்படுவியா, இல்ல சொல்லலன்னா சந்தோஷப்படுவியா?" என்றேன்.

"அவன் ஓட்டும்போது கண்ணை மூடியிருப்பாளா?"

இதற்கு நான் என்ன சொல்ல? கண்ணை மூடாமல் அவளுக்குக் காது கேட்காது என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

அவர்கள் சண்டை புரியவேண்டுமானால் இந்த ஷாக் அப்சார்பர் விஷயம் கொஞ்சம் தெரிய வேண்டும். எனக்கே சுவர் வழியாகக் கேட்டுத்தான் தெரியும். ஸ்பிரிங் வண்டியைத் தூக்கிப் போடும், ஷாக் அந்த ஆட்டத்தைப் பிடித்து நிறுத்தும். வண்டியை இறக்கிவிட்டால் அடியில் இடைவெளி குறைந்துவிடும். பழைய நீளமான ஷாக்கைப் போட்டால் பள்ளத்தில் விழும்போது அது முழுதாக மூடிக்கொண்டு, மேலே போக இடமில்லாமல் வண்டியின் தரையைக் குத்தும். சரி, குட்டையாகப் போடலாம் என்றால், மேட்டைத் தாண்டிச் சக்கரம் கீழே தொங்கும்போது நீளம் போதாமல் இழுபட்டுக் கிழியும். ஆக இரண்டு அளவு வேண்டும், மூடினால் எவ்வளவு, நீண்டால் எவ்வளவு என்று. வண்டி சும்மா நிற்கும்போது எடுக்கிற அளவு எதற்கும் உதவாது. பின்னால் எடை ஏற்றி, அச்சு மேலே இடிக்காமல் தடுக்கும் முட்டு ரப்பரைத் தொடும்வரை அழுத்தி ஒன்று, வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டு ஒன்று. எடை என்றால் மண் மூட்டைகளும், பின் சீட்டில் அவளும்.

மில்லிக்கு இது தெரியாதா? மற்றவர்களுக்குப் பாடம் எடுப்பவன் அவன். ஆனால் மறுநாள் காலையில் தனியாக வண்டிக்கு அடியில் நுழைந்து, வண்டி நின்றபடியே, ஆள் இல்லாமல், மூட்டை இல்லாமல் ஒரே ஓர் அளவை எடுத்தான். அவள் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தாள்.

"நான் உட்காரட்டுமா?"

"வேண்டாம்."

"எடை இல்லாம எப்படி?"

"உனக்கு இங்க வேலை இல்லன்னு சொல்றேன்."

அவள் காலை வெளியே எடுத்தாள். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். எனக்கென்னவோ படார் என்று சாத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பட்டது.

அந்த அளவுக்கு ஏற்றபடி ஒரு ஜோடி வாங்கி வந்து மாட்டினான். கறுப்பு நிறம், பார்க்கப் பளபளவென்று இருந்தது. காலி வண்டியில் தெருவைச் சுற்றி வந்து, பார்த்தீர்களா என்பது போல என்னைப் பார்த்தான். இரண்டு நாள் கழித்து மார்க்கெட்டிலிருந்து என்ஜின் ஒன்றைப் பின்னால் ஏற்றி வந்தபோது, வேகத்தடையில் ஏறி இறங்கிய சத்தம் என் கடைக்குள் வந்து என் ஊசியை ஆட்டியது. டிக்கித் தரையில் மேல் போல்ட்டைச் சுற்றி மூன்று விரல் நீளத்துக்கு விரிசல். நாலு வருடம் அவர்கள் இரண்டு பேரும் வெல்டிங் வைத்து உருவாக்கிய தரை அது.

அவள் வந்து பார்த்தாள். விரிசலை விரலால் தடவிவிட்டு எழுந்தாள். அது அவனுக்குத் தாங்கவில்லை.

"சொல்லேன். அவன் எழுதிக் குடுத்ததைக் கேட்டிருக்கலாம்னு சொல்லேன்."

"நீங்க கேட்டா குடுக்கறேன். கேக்காம நான் ஏன் குடுக்கணும்?"

மழை பிடித்துக்கொண்டது. அந்த வாரம் முழுவதும் தகரக் கூரையில் இடைவிடாத சத்தம், வாசலில் சேறு, வேலைக்கு வந்த வண்டிகள் குறைவு. சாதாரணமாக மத்தியானத்தில் இரண்டு பேரும் அந்தக் காரின் பின் சீட்டில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள், சோறும் முட்டைப் பொரியலும், நடுவில் ஒரு தண்ணீர்ப் பாட்டில். இப்போது அவன் பெஞ்சில் சாப்பிட்டான், அவள் உதிரிப் பாகங்கள் வைத்திருக்கும் அலமாரி பக்கம் திரும்பி நின்று சாப்பிட்டாள். வெங்காயம் வேண்டுமா என்று கேட்கக்கூட ஆள் இல்லை. சத்தம் என்று வந்த ஒரு வேனைக்கூட அவன் தனியாகவே ஓட்டிப் பார்த்தான். காலை பதினொரு மணிக்குப் போனவன் இரண்டு மணி வரை கண்டுபிடிக்கவில்லை. அவள் வாசலில் நின்றபடியே, வேன் மூன்றாவது தடவை அவளைத் தாண்டிப் போனபோது, கண்ணை மூடிக்கொண்டு என்னிடம் மெல்ல, "சைலன்சர் கிளாம்ப்," என்றாள். நான் போய் அவனிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், அந்தச் சண்டை முடிவதில் எனக்கு அத்தனை அவசரம் இல்லை. மனசாட்சிக்கு விரோதமாக இதை மறைக்கப் போவதில்லை.

இரண்டாவது ஜோடியை வீம்புக்கு வாங்கினான். நீளமாக இருந்து குத்தியதல்லவா, இந்தத் தடவை குட்டையாகவே போடுகிறேன் பார் என்று. அதுவும் அளக்காமல். மில்லி என்று பேர் வைத்துக்கொண்டு அளக்காமல்! மேட்டில் ஏறும்போது சத்தமே இல்லை. இறங்கும்போது மட்டும் யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பது போல ஒரு வெட்டு. நாலாவது நாள் வலது பக்கத்து ரப்பர் புஷ் கிழிந்து, ஷாக்கிலிருந்து எண்ணெய் வழிந்து தரையில் கோடு போட்டது. அவன் அந்த எண்ணெயைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். எனக்கே பாவமாக இருந்தது.

அவளுக்கும் இருந்திருக்கும். டீ கொண்டுவந்து பெஞ்சில் வைத்தாள். டம்ளருக்கு அடியில் நாலாக மடித்த ஒரு காகிதம்.

"கேக்க வேண்டாம். எடுத்துக்கோங்க."

மில்லி பிரித்துப் பார்த்தான். நான் சுவர் ஓட்டை வழியாகப் பார்த்தேன். பென்சில் எழுத்து, தடித்த விரல்காரர் எழுதியது.

"மூணு வாரமா இதை எங்க வச்சிருந்தே?"

"பர்ஸுல."

"பர்ஸுல. பத்திரமா."

"நம்பர் எழுதின காகிதத்தைப் பத்திரமா வைக்காம?"

"நீ ஆசைப்பட்டா அங்கயே போய் வேலை பாரு. உன்னை வச்சு எங்கயோ போயிருப்பேங்கறானே." சொல்லிக்கொண்டே காகிதத்தைக் கழிவு எண்ணெய்த் தட்டில் போட்டான். அது ஒரு ஓரம் மட்டும் மிதந்தது. அதையும் ஸ்பேனரால் அமுக்கினான்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "எனக்கு அந்த ரெண்டு நாள் நல்லா இருந்துச்சு," என்றாள். "ஏன்னு தெரியுமா? நான் இரண்டரைன்னு சொன்னதும் அவர் அங்கயே நிறுத்திட்டாரு. நீங்களும் முன்னாடி அப்படித்தான் இருந்தீங்க. உங்களுக்காகத்தான் போனேன், உங்களை மாதிரியே ஒரு ஆள் வேலை செய்யறதைப் பாத்து சந்தோஷப்பட்டேன். அது தப்புன்னா தப்பாவே இருந்துட்டுப் போகட்டும்."

துணிகளை ஒரு பையில் எடுத்துக்கொண்டு, நாலு ஸ்டாப் தள்ளி இருக்கும் தன் அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். என் கடையைத் தாண்டும்போது, "வரேன்க்கா," என்றாள். எப்போது வருவாள் என்று சொல்லவில்லை.

இரண்டு நாள் மில்லி ஒர்க்‌ஷாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா இருந்தான். பன்னும் டீயும்தான் சாப்பாடு. மூன்றாம் நாள் காலை வெயில் அடித்தது. என் கடை வாசலில் வந்து நின்று தலையைச் சொறிந்தான்.

"அக்கா, ஒரு உதவி. பின்னாடி கொஞ்சம் உட்காரணும்."

"மூட்டை வச்சுக்கயேன்."

"மூட்டை வச்சிருக்கேன். அது போதல. முட்டு ரப்பர் தொட இன்னும் கொஞ்சம் எடை வேணும்."

"எடைக்குத்தான் நான் வேணுமா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு எழுந்தும் போனேன். எண்பத்திரண்டு கிலோ இருக்கிறேன், அதில் எனக்கு ஒன்றும் மனவருத்தம் இல்லை.

நான் தைத்த சீட்டில் நான் அதுவரை உட்கார்ந்ததில்லை. நடுவில் உட்கார்ந்தேன். வண்டி பதிந்து ரப்பரைத் தொட்டது. அவன் அடியிலிருந்து சொன்னான், "இருபத்தேழு சென்டி." பிறகு என்னை இறக்கிவிட்டு, வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டு அளந்தான். "நாற்பத்தி நாலு." வெளியே வந்து நாடாவைக் கையில் பிடித்தபடி நின்றான். முகம் செத்துப்போயிருந்தது.

"என்னப்பா?"

"அந்தக் காகிதத்துல இதேதான் எழுதியிருந்துச்சு. மூடினா இருபத்தேழு, நீண்டா நாற்பத்தி நாலு."

"அப்புறம் என்ன, நல்லதுதானே?"

"நான் மூணு வாரம் எடுத்துக்கிட்டு, தரையைக் கிழிச்சு, ரெண்டு ஜோடியைப் பாழாக்கிக் கண்டுபிடிச்சிருக்கேன். அவங்க ஒரு சாயங்காலத்துல கண்டுபிடிச்சிருக்காங்க." பிறகு ரொம்ப மெதுவாக, "எனக்கு இன்னும் எரியுதுக்கா," என்றான்.

அந்த அளவில் ஷாக் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. போன் மேல் போன் போட்டான். ஒருவர் சொன்னார், மார்க்கெட்டுக்குப் பின்னால் ஸ்பிரிங்காரரிடம் ஒரு ஜோடி இருப்பதாகப் பேச்சு. மில்லி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "நீங்களும் வாங்கக்கா. தனியாப் போனா ஏதாவது பேசிடுவேன்."

பட்டறையில் நெருப்பு தகதகவென்று இருந்தது. ஸ்பிரிங்காரர் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார். "வா மாப்ளே! இப்பதான் வழி தெரிஞ்சுதா?" அவன் வாயைத் திறப்பதற்குள் அலமாரியிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். "தங்கச்சி சொன்ன அன்னைக்கே வரவழைச்சு வச்சுட்டேன். இறுக்கத்தை அடியில திருகி வச்சுக்கறது. எட்டுப் பல்லு. ஒண்ணு மெத்து, எட்டு கல்லு. எத்தனைல நிறுத்தறதுன்னு நான் சொல்லலாம்னு பாத்தேன். தங்கச்சி விடல. 'அதை என் வீட்டுக்காரர் வந்து திருகணும், நான் உட்கார்ந்து சொல்லணும், அது எங்க வேலை'ன்னுட்டா."

மில்லி பெட்டியை வாங்கிக்கொண்டான். "சரிங்க," என்றான். அவரை அவன் "ங்க" போட்டுப் பேசி அன்றுதான் கேட்டேன்.

இந்த இடத்தில் அவன் நேராக அக்கா வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். பெட்டியோடு போய், வா, உட்கார்ந்து சொல்லு என்று கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் அவனுக்கு வெறும் கையோடு போய் நிற்க வெட்கம். எல்லாவற்றையும் மாட்டி, ஒரு குறை சொல்ல முடியாதபடி செய்து, வண்டியைக் கொண்டுபோய் அவள் வாசலில் நிறுத்த வேண்டும் என்று நினைத்தான். நானாவது சொல்லியிருக்கலாம். எனக்கு அது எங்கே தப்பாகும் என்று நன்றாகவே தெரிந்தது. நான் சொன்னது, "சரி, மாட்டு. நான் உட்கார்றேன்."

டிக்கித் தரையை வெல்டிங் வைத்து அடைத்தான். ஷாக்கை மாட்டினான். மத்தியானம் தெருவைச் சுற்றினோம். நான் பின் சீட்டில் நடுவில், கண்ணை மூடிக்கொண்டு. நிஜமாகவே மூடினேன். அவன் ஒவ்வொரு சுற்றுக்கும் நிறுத்தி அடியில் படுத்தான்.

"மூணு. இப்போ?"

"ஆடுதுப்பா."

"நாலு. இப்போ?"

"இன்னும் கொஞ்சம்."

"ஆறு. இப்போ?"

அவன் காத்திருந்தான். அடியில் ஸ்பேனர் அசையவே இல்லை. என் வாயிலிருந்து வார்த்தை வரும்வரை அவன் அப்படியே இருப்பான் என்று தெரிந்ததும், நான் கொஞ்ச நேரம் வேண்டுமென்றே பேசாமல் இருந்தேன். அப்புறம், "போதும்," என்றேன்.

சாயங்காலம் போய் அவளைக் கூட்டி வந்தான். அக்கா வீட்டில் என்ன பேசினான், காலில் விழுந்தானா, எனக்குத் தெரியாது. வண்டி தெருமுனையில் திரும்பியபோது நான் வாசலில் நின்றேன். அவள் பின் சீட்டில் நடுவில் கண்ணை மூடியிருந்தாள். வேகத்தடையில் ஏறி இறங்கியது. சத்தம் என்று துளி இல்லை. மில்லி வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான், பரீட்சைத் தாளைக் கையில் வைத்திருக்கும் பையன் மாதிரி.

"எப்படி இருக்கு?"

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "என்னைத் தூக்கிப் போடுது."

"சத்தமே இல்லையே!"

"சத்தம் இல்ல. ஆனா எனக்கு வச்சது இல்ல இது. எத்தனைல இருக்கு?"

"ஆறு."

"என் எடைக்கு நாலு தாண்டாது. யாரை உட்கார வச்சீங்க?"

"மண் மூட்டை வச்சேன்," என்றான் மில்லி. பாவி, பொய் சொல்வதற்கு முன்னால் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் சொன்னான்.

"மண் மூட்டை ஆறுல போதும்னு சொல்லுமா?" இப்போது கண்ணைத் திறந்தாள். அவன் பார்த்த திசையிலேயே பார்த்தாள். நான் நின்றுகொண்டிருந்தேன், எண்பத்திரண்டு கிலோவோடு.

ஆமாம், மூட்டைதான் என்று நானும் சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். "நான்தான் உட்கார்ந்தேன் பொண்ணே," என்றேன். "ரொம்பக் கேட்டான். ஏழு சுத்து."

"ஏழா?"

"ஏழு."

அவள் இறங்கினாள். கோபமாகவெல்லாம் இல்லை. ஏதோ புதுசாகக் கேட்ட ஒரு சத்தத்தைக் கவனிப்பது போல நின்றாள். "எனக்கு எரியுதுங்க," என்றாள் அவனைப் பார்த்து. "அக்காதான். தெரியும். அக்காவைப் போய் என்னன்னு சொல்றது? இருந்தாலும் எரியுது."

அப்போது மில்லியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மூன்று வாரமாகக் கருகிக் கிடந்த முகம் ஒரே நொடியில் மலர்ந்துவிட்டது. நிஜமாகவா, நிஜமாகவே எரியுதா என்று இரண்டு தடவை கேட்டான். அவள், "சிரிக்காதீங்க. போய் நாலுல வைங்க," என்றாள். அவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் வண்டிக்கு அடியில் ஓடினான்.

அவள் என் பக்கம் வந்தாள். "அக்கா, பின் சீட்டைப் பிரிச்சுடறீங்களா?"

"ஏன்மா? எதாவது குறையா?"

"குறை ஒண்ணும் இல்ல. இந்தத் தெருவுல இதை மாதிரி யாரும் தைக்க முடியாது. பிரிச்சுட்டுப் புதுசா தைச்சுக் குடுங்க."

"வேற நிறத்துலயா?"

"இதே நிறம். இதே துணி. இதே தையல். புதுசா, யாரும் உட்காராததா இருந்தாப் போதும்."

அவர்கள் இரண்டு பேருமே சீட்டைக் கழற்றிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்கள். நான் பிளேடை எடுத்தேன். அவள் என் ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள், பிரிக்கிற வரை போகமாட்டேன் என்கிற மாதிரி. எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. இத்தனை வயசில் நான்தான் எல்லோரையும் பார்த்து எரிந்திருக்கிறேன், என்னைப் பார்த்து ஒருத்தி எரிந்தது இதுதான் முதல் தடவை. ஒவ்வொரு தையலாக, மெதுவாகத்தான் பிரித்தேன்.